அடுக்கில் எந்த சுவிட்ச் தலைமை? ஸ்டாக் முன்னுரிமை எண் வைக்கும் முறை

ரேக்கில் நான்கு சுவிட்சுகளை அடுக்கி, பின்பக்கம் ஸ்டாக் கேபிள் மாட்டி, எல்லாவற்றுக்கும் ஒன்றாகக் கரண்ட் கொடுத்துவிட்டீர்கள். கொஞ்ச நேரம் கழித்து கன்சோலில் (சுவிட்சோடு நேரடியாகக் கேபிள் மாட்டிக் கட்டளை தட்டும் திரையில்) உட்கார்ந்து பார்க்கிறீர்கள். மேலிருந்து மூன்றாவது பெட்டி தலைமை ஏற்றிருக்கிறது. அதற்கு எண் 1. அடியில் இருப்பது 2. உச்சியில் இருப்பது 4. ரேக்கில் மேல் பெட்டியின் பத்தாவது போர்ட்டைக் கையால் தொடுகிறீர்கள், கணினித் திரையிலோ அது நான்காம் சுவிட்சின் பத்தாவது போர்ட். வேலை நடக்கிறது, பயனாளர் யாரும் புகார் சொல்லவில்லை. அதனால் 'ஓடுகிறதே, இருக்கட்டும்' என்று விட்டுவிடத் தோன்றும்.

விடாதீர்கள். எந்தப் பெட்டி தலைமை என்பதை முன்னுரிமை எண் வைத்து நீங்களே முடிவு செய்யுங்கள். இன்றைக்குப் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை இது. ஆறு மாதம் கழித்து இதே வேலையைச் செய்ய வேண்டுமானால் நள்ளிரவில் அனுமதி வாங்கி, மாடி முழுக்க நெட்வொர்க்கை நிறுத்தித்தான் செய்ய வேண்டியிருக்கும்.

இந்தக் கட்டுரைக்கு சிஸ்கோ கேட்டலிஸ்ட் 9300 வரிசையை எடுத்துக்கொள்கிறேன். அலுவலகம், கல்லூரி, மருத்துவமனை என்று பல இடங்களில் புதிதாக வேலைக்குச் சேருபவர் கையில் முதலில் கிடைக்கும் ஸ்டாக் பெரும்பாலும் இதுவோ, இதற்கு முந்தைய 3850-ஓதான். கட்டளைகளை உச்சரிக்கும்படியே தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்டிக்கொள்ளுங்கள்.

தலைமை என்றால் என்ன

ஸ்டாக் என்பது பல பெட்டிகள் சேர்ந்து ஒரே சுவிட்சாக நடந்துகொள்வது. ஒரே ஐபி முகவரி, ஒரே கான்ஃபிகரேஷன் கோப்பு, ஒரே பெயர். 2003-ல் கேட்டலிஸ்ட் 3750 வந்தபோது சிஸ்கோ இதை ஸ்டாக்வைஸ் என்ற பெயரில் கொண்டுவந்தது. அன்றைக்குப் பெட்டிகளை இணைக்கும் கேபிள் வளையத்தின் வேகம் 32 ஜிகாபிட். 9300-இல் அது 480 ஜிகாபிட். ஒரு ஸ்டாக்கில் எட்டுப் பெட்டிகள் வரை சேர்க்கலாம்.

எட்டு பேர் சேர்ந்து ஒருவராக நடக்க வேண்டுமானால் ஒருவர் முடிவெடுக்க வேண்டும். அவர்தான் ஆக்டிவ். பழைய 3750 கையேடுகளில் இதை மாஸ்டர் என்பார்கள், வேறு சில நிறுவனங்கள் கன்ட்ரோலர் என்கின்றன. ரூட்டிங் கணக்கு, ஸ்பானிங் ட்ரீ (இணைப்புகள் சுழலாகாமல் தடுப்பது), நீங்கள் எஸ்எஸ்ஹெச் வழியாகத் தொலைவிலிருந்து உள்ளே வருவது, கான்ஃபிகரேஷனை வைத்திருப்பது எல்லாம் ஆக்டிவின் தலையில். பாக்கெட்டுகளைக் கடத்துவதை மட்டும் ஒவ்வொரு பெட்டியும் தன்னுடைய சிப்பிலேயே செய்துகொள்ளும்.

ஆக்டிவுக்கு ஒரு வாரிசு உண்டு, அது ஸ்டான்ட்பை. ஆக்டிவிடம் இருக்கும் நிலவரம் உடனுக்குடன் ஸ்டான்ட்பைக்கும் போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். ஆக்டிவ் செத்தால் ஸ்டான்ட்பை அந்த இடத்தில் உட்காரும், மற்ற பெட்டிகள் ரீலோட் ஆகாமல் (அணைந்து மறுபடி எழாமல்) ஓடிக்கொண்டே இருக்கும். மீதியெல்லாம் மெம்பர்.

ஒன்றைக் கவனியுங்கள். ஆக்டிவும் ஸ்டான்ட்பையும் ஒரே நேரத்தில் போய்விட்டால் மிச்சமிருக்கும் மெம்பர்கள் தாங்களாக எழுந்து தலைமை ஏற்பதில்லை. எல்லாம் ரீலோட் ஆகித்தான் மறுபடி தேர்தல் நடக்கும். ஆகவே முன்னுரிமை வைப்பது என்றால் இரண்டு பேரைத் தேர்ந்தெடுப்பது: தலைமை யார், வாரிசு யார். புதிதாக வருபவர்கள் முதல் ஆளை மட்டும் யோசித்துவிட்டு இரண்டாம் ஆளை அதிர்ஷ்டத்திடம் விட்டுவிடுவதைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன்.

தேர்தல் எப்படி நடக்கிறது

9300-இல் ஆக்டிவைத் தீர்மானிக்கும் விதிகள் நான்கு. இந்த வரிசையில்தான் பார்க்கப்படும்:

1. இப்போது ஏற்கெனவே ஆக்டிவாக இருப்பது எதுவோ அது.
2. அப்படி யாரும் இல்லையென்றால், முன்னுரிமை எண் பெரிதாக இருப்பது.
3. அதுவும் சமம் என்றால், சீக்கிரம் எழுந்து தயாரானது.
4. அதுவும் சமம் என்றால், மேக் முகவரி (ஒவ்வொரு பெட்டிக்கும் தொழிற்சாலையில் தரும் தனி எண்) சிறியதாக இருப்பது.

முன்னுரிமை எண் 1 முதல் 15 வரை. பெரிய எண்ணுக்கே முதலிடம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது எல்லா சுவிட்சிலும் 1 என்றுதான் இருக்கும். அதனால்தான் நான் முதலில் சொன்ன ரேக்கில் மூன்றாவது பெட்டி தலைமைக்கு வந்தது. எல்லோருக்கும் 1 என்பதால் இரண்டாவது விதி பேசாமல் போய்விட்டது. எது ஓரிரு நொடி முந்தி எழுந்ததோ, எதன் மேக் முகவரி சிறியதோ, அது ஜெயித்தது. மேக் முகவரி சிறியது என்றால் பெரும்பாலும் தொழிற்சாலையில் முன்பே செய்யப்பட்ட பெட்டி. பழைய சுவிட்சோடு புதியதைச் சேர்த்து அடுக்கும் இடங்களில், எண்ணை யாரும் தொடாவிட்டால் பழைய பெட்டியே தலைமைக்கு வந்து உட்காருவதற்கு இது ஒரு காரணம்.

இன்னொரு விஷயம், நேரம். கரண்ட் வந்ததிலிருந்து 120 நொடிக்குள் எழும் பெட்டிகள் மட்டும்தான் அந்தத் தேர்தலில் நிற்கும். அதற்குப் பிறகு வருவது, எண் 15 ஆக இருந்தாலும், வெறும் மெம்பராகத்தான் சேரும். மின்வெட்டுக்குப் பிறகு ஒரு யூபிஎஸ் முன்னதாகவும் இன்னொன்று மூன்று நிமிடம் தாமதமாகவும் உயிர்பெற்றால், நீங்கள் பார்த்துப் பார்த்து வைத்த 15 தோற்றுப்போகும். எண் சரி, கட்டளை சரி, இருந்தும் வேறு பெட்டி ஆக்டிவ் என்று யாராவது குழம்பி நின்றால் முதலில் மின்இணைப்பைப் பாருங்கள்.

எல்லாவற்றுக்கும் மேல், முதல் விதியை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். உட்கார்ந்திருப்பவரை எண் எழுப்பாது. ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் நான்காம் சுவிட்சுக்கு 15 வைத்தால், எண் உடனே மாறும், தலைமை மாறாது. அடுத்த தேர்தல் வரும்போதுதான் அந்த எண் பேசும். இது குறையல்ல. தலைமை மாறும்போது பழைய தலைமைப் பெட்டி ரீலோட் ஆகும். ஒரு எண்ணைத் தட்டியவுடன் அது நடந்தால், பட்டப்பகலில் 48 பேரின் இணைப்பு அறுந்துவிடும்.

முதலில் தாளில் எழுதுங்கள்

கட்டளைக்குப் போகும் முன் ரேக்கின் படத்தை ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். மேலிருந்து கீழாக 1, 2, 3, 4. இந்த எண்கள் போர்ட் பெயரில் வருபவை, முன்னுரிமையோடு சம்பந்தமில்லாதவை. புதியவர்கள் இந்த இரண்டையும் ஒன்றாக நினைத்துக்கொள்வது வழக்கம். சுவிட்ச் எண் 1 என்பதால் அது தலைமை ஆகிவிடாது. மூன்றாம் எண் சுவிட்சும் ஆக்டிவாக இருக்கலாம், ஸ்டாக்குக்கு அதில் எந்தச் சிரமமும் இல்லை. இரவு இரண்டு மணிக்குத் தூக்கக்கலக்கத்தில் ரேக் முன்னால் நிற்கும் மனிதருக்குத்தான் சிரமம். அவருக்காகவே நான் மேல் பெட்டிக்கு எண் 1, முன்னுரிமை 15 என்று வைக்கிறேன். அடுத்தது 14, பிறகு 13, 12 என்று இறங்குவரிசை. ஒன்று போனால் அடுத்து யார் என்று கேள்வியே எழாது.

ஆனால் இந்த வரிசையை மின்இணைப்போடு ஒத்துப் பாருங்கள். தலைமையும் வாரிசும் ஒரே மின்பட்டையில் தொங்கக்கூடாது. ஒவ்வொரு பெட்டிக்கும் இரண்டு பவர் சப்ளை இருந்து, இரண்டும் வேறு வேறு பட்டைக்குப் போனால் கவலையில்லை. ஒன்றுதான் இருக்கிறது என்றால் 15 ஒரு பட்டையிலும் 14 இன்னொரு பட்டையிலும் இருக்கட்டும்.

அப்லிங்க் (ஸ்டாக்கிலிருந்து வெளி நெட்வொர்க்குக்குப் போகும் இணைப்பு) விஷயத்தில் ஆளுக்கொரு கருத்து உண்டு. என் கருத்து: இரண்டு அப்லிங்க்கும் ஆக்டிவ் பெட்டியில் மட்டும் இருக்கக்கூடாது. ஆக்டிவ் விழும்போது தலைமை மாற்றமும் அப்லிங்க் அறுவதும் ஒன்றாக வந்தால், ஸ்டான்ட்பை தலைமை ஏற்றும் வெளியே போக வழியில்லாமல் நிற்கும். ஒன்றை முதல் பெட்டியிலும் மற்றதைக் கடைசிப் பெட்டியிலும் மாட்டி, இரண்டையும் ஒரே ஈதர்சேனலில் கட்டிவிடுங்கள்.

புதிய ஸ்டாக் என்றால்

எல்லாப் பெட்டிகளிலும் ஐஓஎஸ் (சுவிட்சின் இயக்க மென்பொருள்) பதிப்பும் லைசென்ஸ் நிலையும் ஒன்றாக இருக்கின்றனவா என்று, சேர்ப்பதற்கு முன்பே தனித்தனியாகப் பார்த்துவிடுங்கள். ஒன்றில் நெட்வொர்க் எசென்ஷியல்ஸ், மற்றதில் அட்வான்டேஜ் என்றிருந்தால் சிக்கல். பதிப்பு வேறாக இருந்தால் அந்தப் பெட்டி 'வி-மிஸ்மேட்ச்' என்று காட்டிவிட்டு ஓரமாக நிற்கும். 9300-ஐயும் 9300எல்-ஐயும் ஒரே ஸ்டாக்கில் சேர்க்க முடியாது. பெயர் ஒன்றுபோலத் தெரிந்தாலும் ஸ்டாக் வன்பொருள் வேறு.

அடுத்து கேபிள். எல்லாப் பெட்டியும் அணைந்திருக்கும்போதுதான் ஸ்டாக் கேபிளை மாட்ட வேண்டும். பின்பக்கம் ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்டாக் போர்ட் இருக்கும். மேல் பெட்டியின் ஒன்றிலிருந்து அடுத்த பெட்டிக்கு, அங்கிருந்து அதற்கடுத்ததற்கு, கடைசிப் பெட்டியிலிருந்து திரும்ப முதல் பெட்டிக்கு. அந்தக் கடைசிக் கேபிளை மறந்தாலும் ஸ்டாக் ஓடும், ஆனால் வளையம் பாதியாகி வேகமும் பாதியாகும். அதைவிட மோசம், நடுவில் இன்னொரு கேபிள் கழன்றால் ஸ்டாக் இரண்டாகப் பிளந்து, ஒரே ஐபி முகவரியோடு இரண்டு தலைமைகள் நெட்வொர்க்கில் நிற்கும். கேபிள் அரை மீட்டர், ஒரு மீட்டர், மூன்று மீட்டர் என்று கிடைக்கிறது. அடுத்தடுத்து நான்கு பெட்டி என்றால் எல்லாவற்றுக்கும் அரை மீட்டரே போதும். திருகை இரு பக்கமும் கையால் முழுக்க முடுக்குங்கள். அரைகுறையாகச் செருகிய கேபிள் வந்து வந்து போகும், அந்தக் கோளாறைக் கண்டுபிடிப்பது பெரும் பாடு.

அதே பின்பக்கத்தில் ஸ்டாக்பவர் என்று வேறொரு கேபிளும் இருக்கலாம். அது மின்சாரத்தைப் பகிர்வதற்கு. அதற்கும் முன்னுரிமை எண் என்று ஒன்று உண்டு. அதுவும் நாம் பேசும் எண்ணும் வேறு வேறு, குழப்பிக்கொள்ளாதீர்கள்.

இப்போது கரண்ட். நான்கையும் ஒன்றாகப் போடாதீர்கள். தலைமைக்கு வரவேண்டிய மேல் பெட்டிக்கு மட்டும் முதலில் கொடுங்கள். அது முழுக்க எழுந்து, ஆக்டிவ் ஆகி, கன்சோலில் பதில் சொல்லும்வரை காத்திருங்கள். முன்பக்கம் 'ஆக்டிவ்' விளக்கு நிலையான பச்சையில் எரியும். பிறகு இரண்டாவது பெட்டி. அது எழுந்து ஸ்டாக்கில் சேர்ந்ததும் அதே விளக்கு மெதுவாக மினுக்கும் பச்சைக்கு வரும், அதுதான் ஸ்டான்ட்பை என்பதன் அடையாளம். பிறகு மூன்று, நான்கு.

இப்படிச் செய்வதில் ஒரு லாபம் உண்டு. புதுப் பெட்டி எல்லாமே 'நான்தான் 1' என்றுதான் எழும். ஸ்டாக்கில் ஏற்கெனவே 1 இருந்தால், காலியாக உள்ள அடுத்த சிறிய எண் தானாகக் கிடைக்கும். நீங்கள் மேலிருந்து கீழாக ஒவ்வொன்றாக எழுப்பினால் எண்களும் மேலிருந்து கீழாக 1, 2, 3, 4 என்றே அமைந்துவிடும். பிறகு எண் மாற்றும் வேலையே இல்லை.

எல்லாம் எழுந்த பிறகு:

ஷோ சுவிட்ச்

என்று கொடுங்கள். சுவிட்ச் எண், பொறுப்பு, மேக் முகவரி, முன்னுரிமை, நிலை என்று அட்டவணை வரும். எந்த வரிக்கு முன்னால் நட்சத்திரக் குறி இருக்கிறதோ, நீங்கள் உட்கார்ந்திருக்கும் கன்சோல் அந்தப் பெட்டியுடையது. நிலை எல்லாவற்றுக்கும் 'ரெடி' என்று வரவேண்டும். ஸ்டான்ட்பைக்கு முதலில் 'ஹெச்ஏ சிங்க் இன் பிராக்ரஸ்' என்று காட்டலாம், அது முடியும்வரை பொறுங்கள். அவசரமாக அடுத்த கட்டத்துக்குத் தாவ வேண்டாம்.

இனி முன்னுரிமை. 9300-இலும் 3850-இலும் இந்தக் கட்டளை கான்ஃபிகரேஷன் முறைக்குள் போய்க் கொடுப்பதல்ல. எனேபிள் முறையில், பவுண்டுக் குறி முன்னால் நின்றபடியே கொடுக்க வேண்டும்:

சுவிட்ச் 1 பிரையாரிட்டி 15
சுவிட்ச் 2 பிரையாரிட்டி 14
சுவிட்ச் 3 பிரையாரிட்டி 13
சுவிட்ச் 4 பிரையாரிட்டி 12

ஒவ்வொன்றுக்கும் ஓர் எச்சரிக்கை காட்டி, தொடரலாமா என்று கேட்கும். ஆம் என்று சொல்லுங்கள். நான்கையும் ஆக்டிவின் கன்சோலிலிருந்தே செய்யலாம், பெட்டி பெட்டியாக அலைய வேண்டாம். பழைய 3750 உங்களுக்கு வாய்த்திருந்தால் இதே கட்டளையை 'கான்ஃபிகர் டெர்மினல்' கொடுத்து உள்ளே போய்ச் செய்யவேண்டும். வித்தியாசம் அவ்வளவுதான், ஆனால் தவறான இடத்தில் நின்று தட்டிவிட்டு 'கட்டளையே இல்லை' என்கிறதே என்று திகைத்தவர்கள் நிறைய.

மறுபடி 'ஷோ சுவிட்ச்'. எண்கள் மாறியிருக்கும், பொறுப்புகள் அப்படியே இருக்கும்.

வளையம் முழுதாக இருக்கிறதா என்பதற்கு:

ஷோ சுவிட்ச் ஸ்டாக்-போர்ட்ஸ்

எட்டு போர்ட்டும் 'ஓகே' என்று வந்தால் சரி. ஒன்றோ இரண்டோ 'டவுன்' என்றால் அந்தக் கேபிளுக்குப் போய்த் திருகைப் பாருங்கள்.

ஒரு வேலை பாக்கி, பலரும் தாண்டிவிடும் வேலை. பயனாளர் யாரும் இன்னும் வராத நிலையில், 'ரைட் மெமரி' கொடுத்துவிட்டு முதல் பெட்டியின் மின்கம்பியை உண்மையாகவே உருவுங்கள். இரண்டாவது பெட்டி ஆக்டிவ் ஆக வேண்டும், மூன்றாவது ஸ்டான்ட்பை ஆக வேண்டும், அப்லிங்க் அறுந்துபோகாமல் இருக்க வேண்டும். பிறகு கம்பியை மாட்டுங்கள். முதல் பெட்டி எழுந்து வந்து மெம்பராகத்தான் சேரும். 15 இருந்தும் தலைமையைத் திரும்பப் பிடுங்காது, அதுதான் முதல் விதி. இதைக் கண்ணால் ஒருமுறை பார்த்தவருக்கு அந்த விதி பிறகு மறக்காது. பார்த்து முடித்ததும் 'ரீலோட்' கொடுத்து முழு ஸ்டாக்கையும் எழுப்புங்கள். நான்கும் ஒன்றாக எழும்போது 15 ஜெயிக்கும், 14 வாரிசாகும்.

ஓடிக்கொண்டிருக்கும் ஸ்டாக்கில் தலைமையை மாற்ற

வேறொருவர் கட்டிய ஸ்டாக் உங்கள் கைக்கு வந்திருக்கிறது. மூன்றாம் பெட்டி ஆக்டிவ், நான்காம் பெட்டி ஸ்டான்ட்பை, எல்லோருக்கும் முன்னுரிமை 1. ஒன்றாம் பெட்டி ஆக்டிவாகவும் இரண்டாம் பெட்டி ஸ்டான்ட்பையாகவும் வரவேண்டும். எண்களை வைத்துவிட்டு முழு ஸ்டாக்கையும் ரீலோட் செய்வது எளிய வழி. எல்லா இணைப்பும் பல நிமிடம் இருண்டுவிடும். அனுமதி இருந்தால் அதையே செய்யுங்கள். இல்லையென்றால் ஒவ்வொரு பெட்டியாக நகர்த்தும் வழி இது.

முதலில் முன்னே சொன்னபடி 15, 14, 13, 12 வைத்து, கான்ஃபிகரேஷனைச் சேமியுங்கள். எதுவும் அசையாது.

அடுத்து வாரிசை மாற்ற வேண்டும். இப்போதைய ஸ்டான்ட்பை நான்கு. அதை மட்டும் ரீலோட் செய்யுங்கள்:

ரீலோட் ஸ்லாட் 4

நான்காம் பெட்டியில் செருகியிருப்பவர்களுக்கு மட்டும் இணைப்பு போகும். ஸ்டான்ட்பை இடம் காலியானதும், மிச்சமிருப்பவற்றில் முன்னுரிமை எண் பெரியதை ஆக்டிவ் வாரிசாக எடுத்துக்கொள்ளும், அதாவது ஒன்றாம் பெட்டியை. நான்கு திரும்பி வந்து மெம்பராகச் சேரும்வரை இருங்கள்.

இப்போது இந்தக் கட்டளை:

ஷோ ரிடண்டன்சி ஸ்டேட்ஸ்

இரண்டு வரிகளைத் தேடுங்கள். உங்கள் பக்கம் '13 ஆக்டிவ்' என்றும் எதிர்ப்பக்கம் '8 ஸ்டான்ட்பை ஹாட்' என்றும் இருக்க வேண்டும். எதிர்ப்பக்கம் 'ஹாட்' என்று வராமல் அடுத்த கட்டளையைத் தொடவே கூடாது. வாரிசு இன்னும் பாடம் படித்து முடிக்காத நேரத்தில் தலைவரை இறக்கினால் யாரிடமும் முழு நிலவரம் இருக்காது.

ஹாட் வந்தாயிற்று என்றால்:

ரிடண்டன்சி ஃபோர்ஸ்-சுவிட்ச்ஓவர்

மூன்றாம் பெட்டி ரீலோட் ஆகும், ஒன்றாம் பெட்டி ஆக்டிவ் ஆகும். காலியான வாரிசு இடத்துக்கு முன்னுரிமை எண்படி இரண்டாம் பெட்டி வரும். மூன்றாம் பெட்டியில் இருப்பவர்களுக்கு மட்டும் அது எழும்வரை இணைப்பு இல்லை. உங்கள் எஸ்எஸ்ஹெச் அமர்வும் அறுந்துவிடும், மறுபடி உள்ளே வந்துகொள்ளலாம். கன்சோல் வழியாக இருந்தீர்கள் என்றால் கேபிளைக் கழற்றி ஒன்றாம் பெட்டியில் மாட்டுங்கள். ஸ்டான்ட்பையில் மாட்டினால் கன்சோல் முடக்கப்பட்டிருப்பதாகச் சொல்லி அங்கேயே நின்றுவிடும்.

ஆக, இரண்டு பெட்டிகளுக்கு ஆளுக்கொரு ரீலோட், மற்ற இரண்டும் அசையவே இல்லை.

சுவிட்ச் எண்ணையும் மாற்ற வேண்டுமென்றால் 'சுவிட்ச் 3 ரீநம்பர் 1' போன்ற கட்டளை உண்டு, அந்தப் பெட்டி ரீலோட் ஆன பிறகுதான் அது நடப்புக்கு வரும். ஆனால் ஓடும் ஸ்டாக்கில் இதைத் தொடுவதை நான் விரும்புவதில்லை. போர்ட் பெயர்கள் எல்லாம் மாறும், விலேன் (ஒரே சுவிட்சுக்குள் பிரித்த தனித்தனி நெட்வொர்க்) அமைப்புகள் பழைய பெயரிலேயே கிடக்கும், ஒவ்வொன்றாக எடுத்துப் புதுப் பெயருக்குக் கொண்டுபோக வேண்டும். எண் கோணலாக இருந்தால் பெட்டியின் நெற்றியில் பெரிதாக ஒரு லேபிள் ஒட்டுவது போதும்.

உயிரோடு இருக்கும் பெட்டியைச் சேர்க்காதீர்கள்

நான் வேலை செய்த ஓர் இடத்தில், ஸ்டாக்கில் இடம் போதவில்லை என்று வேறு கட்டடத்திலிருந்து ஒரு சுவிட்சைக் கொண்டுவந்தோம். முதலில் பதிப்பைச் சரிபார்க்க அதை மேசையில் எழுப்பினோம். சரிபார்த்தோம், சரியாக இருந்தது. அணைக்காமலே ரேக்கில் ஏற்றி, ஸ்டாக் கேபிளை மாட்டினோம். ஓடிக்கொண்டிருந்த ஸ்டாக்கில் எல்லோருக்கும் முன்னுரிமை 1. வந்த பெட்டி முன்பு இருந்த இடத்தில் தலைமை. அதற்கு 15.

உயிரோடு இருக்கும் இரண்டு ஸ்டாக்குகளை இணைத்தால் இரண்டிலும் ஓர் ஆக்டிவ் இருக்கும். இருவரும் நடப்புத் தலைவர்கள் என்பதால் முதல் விதி தீர்ப்பு சொல்லாது. இரண்டாம் விதிக்குப் போகும். 15 ஜெயித்தது. தோற்ற பக்கம் முழுக்க ரீலோட் ஆகி, ஜெயித்தவருடைய கான்ஃபிகரேஷனை ஏற்றுக்கொண்டது. அதாவது இந்த மாடியின் சுவிட்சுகள் எல்லாம் அந்தக் கட்டடத்தின் ஐபி முகவரியோடும் விலேன்களோடும் எழுந்தன. அன்றைக்கு மாலைவரை தொலைபேசி நிற்கவில்லை.

அதற்குப் பிறகு நான் வைத்துக்கொண்ட முறை இதுதான். சேர்க்கப்போகும் பெட்டியை மேசையில் தனியாக எழுப்பி, 'ஷோ சுவிட்ச்' கொடுத்து எண்ணைப் பார்ப்பேன். 'சுவிட்ச் 1 பிரையாரிட்டி 1' கொடுத்து அடிமட்டத்துக்கு இறக்குவேன், பழைய கான்ஃபிகரேஷனை அழிப்பேன். பிறகு கரண்டை அணைத்து, விசிறி நின்ற பிறகுதான் ரேக்குக்கு எடுத்துப் போவேன். கேபிள் மாட்டி முடித்த பிறகுதான் கரண்ட்.

'ரைட் எரேஸ்' கொடுத்துவிட்டால் பழைய முன்னுரிமையும் போய்விடும் என்று நினைப்பவர்கள் உண்டு. போகாது. சுவிட்ச் எண்ணும் முன்னுரிமையும் கான்ஃபிகரேஷன் கோப்பில் இருப்பவை அல்ல, அந்தந்தப் பெட்டியின் ராம்மான் (பெட்டி எழும்போது முதலில் ஓடும் சிறு நிரல்) நினைவில் இருப்பவை. 'ஷோ ரோம்வார்' கொடுத்தால் அங்கே சுவிட்ச் பிரையாரிட்டி என்று ஒரு வரியைப் பார்க்கலாம். கோப்பை அழித்தாலும் அது அழியாது.

இதற்கு மறுபக்கமும் உண்டு. கான்ஃபிகரேஷனைத் தினமும் பேக்கப் எடுத்து வைத்திருக்கிறோம் என்று நிம்மதியாக இருப்போம். அந்த பேக்கப்பில் முன்னுரிமை எண் இல்லை. முதல் பெட்டி பழுதாகி வேறு பெட்டி வந்தால், அது 1 என்ற எண்ணோடுதான் வரும். கான்ஃபிகரேஷன் எல்லாம் தானாக ஏறிவிடுவதால் வேலை முடிந்தது என்று தோன்றும். 15-ஐ யாராவது கையால் வைக்க வேண்டும். வைக்காவிட்டால் அடுத்த மின்வெட்டில் 14 தலைமைக்கு வரும், 13 வாரிசாகும், தாளில் நீங்கள் வரைந்த மின்பட்டைக் கணக்கு தப்பிவிடும். அதனால் அந்தத் தாளை ரேக் கதவின் உள்பக்கம் ஒட்டிவையுங்கள்.

வேறு நிறுவனப் பெட்டிகள்

இங்கே சொன்னதை அப்படியே எடுத்துக்கொண்டு வேறு பெட்டியில் செய்துவிட வேண்டாம். ஜூனிப்பரின் விர்ச்சுவல் சேஸிஸில் எண் 0 முதல் 255 வரை, தொடக்கத்தில் 128. அங்கே பெரிய எண் உள்ளவர் திரும்பி வந்தால் உட்கார்ந்திருப்பவரை எழுப்பிவிடுவார். அதனால் தலைமைக்கும் வாரிசுக்கும் ஒரே எண் வைக்கும்படி, பெரும்பாலும் இருவருக்கும் 255, ஜூனிப்பரே பரிந்துரைக்கிறது. சிஸ்கோவில் நான் சொன்ன 15, 14 என்ற இறங்குவரிசையை அங்கே வைத்தால், கோளாறான பெட்டி ஒன்று விழுந்து எழுந்து விழும்போதெல்லாம் தலைமையும் மாறிக்கொண்டே இருக்கும். ரக்கஸ் ஐசிஎக்ஸில் தலைமைப் பெட்டிக்கே ஆக்டிவ் கன்ட்ரோலர் என்று பெயர், அங்கும் தொடக்க எண் 128. ஹெச்பிஇ-யின் ஐஆர்எஃப்பில் 1 முதல் 32 வரை. எல்லாவற்றிலும் பெரிய எண்ணுக்கே முதலிடம். கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்றுதான்: உட்கார்ந்திருப்பவரைப் புதிய எண் எழுப்புமா, எழுப்பாதா?

கழற்றிய தலைமைப் பெட்டி

ஸ்டாக்குக்கு ஒரு மேக் முகவரி உண்டு. அது முதலில் ஆக்டிவாக இருந்த பெட்டியிடமிருந்து எடுத்துக்கொண்டது. 9300-இல் அந்தப் பெட்டி போய்விட்டாலும் ஸ்டாக் அதே முகவரியைக் காலவரையின்றி வைத்துக்கொள்ளும். 'ஷோ சுவிட்ச்' காட்டும் பக்கத்தின் மேலேயே மேக் காத்திருப்பு நேரம் 'இண்டெஃபினிட்' என்று எழுதியிருக்கும். அக்கம்பக்கத்து சுவிட்சுகளுக்கு எந்த மாற்றமும் தெரியாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு, நல்ல ஏற்பாடுதான்.

ஆனால் நீங்கள் கழற்றிய பெட்டி பழுதில்லாத பெட்டி, அதை அதே நெட்வொர்க்கில் வேறு மாடியில் வைக்கப்போகிறீர்கள் என்று வையுங்கள். இப்போது ஒரே மேக் முகவரி இரண்டு இடத்தில். ஸ்டாக்கும் அதைச் சொல்கிறது, கழற்றிய பெட்டியும் அதைச் சொல்கிறது. சில நேரம் இணைப்பு வரும், சில நேரம் போகும், எங்கே கோளாறு என்று எந்தக் குறிப்பும் கிடைக்காது. அப்படி மறுபயன்பாட்டுக்கு எடுக்கிறீர்கள் என்றால், ஸ்டாக்கில் இந்தக் கட்டளையை அமைதியான நேரம் பார்த்துக் கொடுத்துவிடுங்கள்:

ஸ்டாக்-மேக் அப்டேட் ஃபோர்ஸ்

இப்போதைய ஆக்டிவின் முகவரியை ஸ்டாக் எடுத்துக்கொள்ளும். முகவரி மாறும் நேரத்தில் சிறு தடங்கல் வரலாம். பிறகு 'ஷோ சுவிட்ச்' கொடுத்து, மேலே உள்ள முகவரி கழற்றிய பெட்டியின் லேபிளில் உள்ளதுதானா என்று ஒருமுறை ஒப்பிட்டுப் பாருங்கள். வேறாக இருந்தால் அந்தப் பெட்டியைத் தாராளமாக அடுத்த மாடிக்கு எடுத்துப் போகலாம், முன்னுரிமையை 1-க்கு இறக்கிய பிறகு.